மூன்று மகள்கள் இருந்தும் முடிந்துபோன பட்டம்: பக்கிங்காம்–சாண்டோஸ் டியூக்குகளின் கதை

1889 மார்ச் 26 அன்று, லண்டன் கேவண்டிஷ் சதுக்கத்தை ஒட்டிய சாண்டோஸ் மாளிகையில் 65 வயதுப் பிரபு ஒருவர் காலமானார். முழுப்பெயர் ரிச்சர்ட் பிளான்டாஜெனட் கேம்பல் டெம்பிள்-நியூஜன்ட்-பிரிட்ஜஸ்-சாண்டோஸ்-கிரென்வில். பட்டப்பெயர், மூன்றாம் பக்கிங்காம்–சாண்டோஸ் டியூக். 1875 முதல் 1880 வரை மதராஸ் மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். சென்னையின் பக்கிங்காம் கால்வாய் இவருடைய பெயரைத்தான் தாங்கியிருக்கிறது.

அவர் இறந்தபோது மூன்று மகள்கள் இருந்தார்கள். மூத்த மகளுக்குக் கைக்குழந்தைப் பருவம் தாண்டாத ஆண்பிள்ளையும் இருந்தான். ஆக, ரத்த வாரிசுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அன்றோடு டியூக் பட்டம் முடிந்தது. விசித்திரம் என்னவென்றால், அவர் தலைமேல் இருந்த எல்லாப் பட்டங்களும் முடியவில்லை. ஒன்று தூரத்து உறவுக் குடும்பம் ஒன்றுக்குப் போனது. இன்னொன்று அக்காள் மகனுக்குப் போனது. வேறொன்று சொந்த மகளுக்கே வந்தது. மீதியெல்லாம் அவரோடு புதைந்தன.

ஒரே ஆள், ஒரே மரணம், ஒரே நாள். பட்டங்கள் மட்டும் ஏன் நான்கு பக்கமாகப் பிரிந்தன? பொதுவாக இப்படிப்பட்ட கதைகளில் "ஆண் வாரிசு இல்லை, அதனால் பட்டம் அழிந்தது" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். இந்த வழக்கில் அது பாதி உண்மைதான். டியூக் பட்டத்தின் முடிவு 1889இல் தீர்மானமாகவில்லை. 1822இல், அந்தப் பட்டத்தை வழங்கிய பட்டயத்தை எழுதிய அன்றே தீர்மானமாகிவிட்டது என்பது என் கருத்து.

பட்டம் போகும் வழி

இங்கிலாந்தின் பிரபுப் பட்டங்களில் ஐந்து படிகள் உண்டு. மேலிருந்து கீழே டியூக், மார்குவிஸ், ஏர்ல், வைகவுன்ட், பாரன். நிலத்தையும் நகையையும் போல இவற்றை உயில் எழுதி யாருக்கும் கொடுத்துவிட முடியாது. விற்க முடியாது. தத்துப்பிள்ளைக்கும் போகாது. அரசர் பட்டயம் வழங்கும்போது அதில் எந்த வழியை எழுதினாரோ அந்த வழியில் மட்டும்தான் பட்டம் இறங்கும்.

பெரும்பாலான பட்டயங்களில் இருப்பது ஒரே வாசகம்தான்: பட்டம் பெற்றவரின் நேரடி ஆண் வழி வாரிசுகள். மகன், மகனுடைய மகன் என்று ஆண் கொடியிலேயே போக வேண்டும். மகளுக்கும் இல்லை, மகள் வயிற்றுப் பேரனுக்கும் இல்லை. அந்தக் கொடி அறுந்தால் பட்டம் அற்றுப்போனதாகக் கணக்கு.

ஆனால் இதற்கு விலக்கும் உண்டு. சிறப்பு வழி ஒன்றைப் பட்டயத்திலேயே எழுதி வாங்கலாம். தம்பிக்கு, அக்காள் தங்கைக்கு, மகளுக்கு என்று பெயர் சொல்லியே எழுதலாம். பழைய ஸ்காட்லாந்துப் பட்டங்கள் சிலவற்றில் மகன் இல்லாதபோது மூத்த மகளே வாரிசு. இங்கிலாந்தின் மிகப் பழைய பாரன் பட்டங்கள் சில மகள்களுக்குப் போகும். ஒன்றுக்கு மேற்பட்ட மகள்கள் இருந்தால் யாருக்கு என்று முடிவாகும்வரை நிலுவையில் நிற்கும். ராஜத்துரோகக் குற்றம் சாட்டி அரசரே பறித்துக்கொள்வது வேறு வகை. நமது வழக்கில் ஆண் வழி, சிறப்பு வழி, ஸ்காட்லாந்து வழி மூன்றும் ஒரே மனிதரிடம் சேர்ந்திருந்தன. அதனால்தான் இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான்கு முறை இறந்த பெயர்

பக்கிங்காம் டியூக் என்ற பெயர் 1889க்கு முன்பே மூன்று குடும்பங்களில் இருந்து முடிந்துபோயிருந்தது.

முதலில் ஸ்டாஃபோர்டு குடும்பம், 1444. இரண்டாம் டியூக் 1483இல் மூன்றாம் ரிச்சர்டுக்கு எதிராகக் கிளம்பித் தலையிழந்தார். மூன்றாம் டியூக் எட்வர்ட் ஸ்டாஃபோர்டை எட்டாம் ஹென்றி 1521இல் கொன்றார், பட்டமும் பறிபோனது. அடுத்து வில்லியர்ஸ் குடும்பம். முதலாம் ஜேம்ஸ் மன்னரின் செல்லப்பிள்ளையான ஜார்ஜ் வில்லியர்ஸ் 1623இல் டியூக் ஆனார். 1628இல் போர்ட்ஸ்மவுத்தில் ஜான் ஃபெல்டன் என்ற ராணுவ அதிகாரி அவரைக் கத்தியால் குத்திக் கொன்றார். அவர் மகன் 1687இல் சட்டப்படியான பிள்ளை இல்லாமல் இறந்ததோடு அந்தப் பட்டமும் சரி. மூன்றாவது, ஜான் ஷெஃபீல்டு. 1703இல் பக்கிங்காம்–நார்மன்பி டியூக் ஆனவர். லண்டனில் அவர் கட்டிய வீட்டைத்தான் பிற்பாடு மூன்றாம் ஜார்ஜ் மன்னர் வாங்கினார். இன்றைய பக்கிங்காம் அரண்மனை அதிலிருந்து வளர்ந்தது. அவருடைய மகன் 1735இல் ரோம் நகரில் பத்தொன்பது வயதில் இறக்க, அந்தப் பட்டமும் அழிந்தது.

பக்கிங்காம்ஷயர் ஏர்ல் என்று ஹோபார்ட் குடும்பத்துக்கு ஒரு பட்டம் இருக்கிறது. அது வேறு. நம் டியூக்குக்கு முன்னால் மதராஸ் கவர்னராக இருந்து 1875இல் பதவியிலேயே இறந்த ஹோபார்ட் பிரபு அந்தக் குடும்பத்தவர். பெயர்கள் ஒன்றுபோல இருப்பதால் இந்த இரண்டு கவர்னர்களையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெண் வழியாகவே வளர்ந்த குடும்பம்

நான்காவது பக்கிங்காம் குடும்பத்தின் வேர், பக்கிங்காம்ஷயரில் உள்ள ஸ்டோ என்ற மாளிகை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் சொந்தக்காரர் சர் ரிச்சர்ட் டெம்பிள், மார்ல்பரோ டியூக்கின் கீழ் போரிட்ட தளபதி. ஸ்டோவின் தோட்டத்தை இங்கிலாந்தே வந்து பார்க்கும்படி ஆக்கியவர் இவர்தான். சார்ல்ஸ் பிரிட்ஜ்மன், வில்லியம் கென்ட் ஆகியோர் அங்கே வேலை பார்த்தார்கள். லான்சலாட் பிரௌன் அங்கே தலைமைத் தோட்டக்காரராக இருந்துதான் பெயர் எடுத்தார்.

டெம்பிளுக்குக் குழந்தை இல்லை. 1718இல் அவர் காபம் வைகவுன்ட் ஆனபோது பட்டயத்தில் ஒரு காரியம் செய்துவைத்தார். தனக்குப் பின் பட்டம் தங்கை ஹெஸ்டர் கிரென்விலுக்கும் அவளுடைய ஆண் சந்ததிக்கும் போக வேண்டும்; அந்தக் கொடியும் அறுந்தால் இன்னொரு தங்கையான கிறிஸ்டியன் லிட்டில்டனின் ஆண் சந்ததிக்குப் போக வேண்டும். இந்த இரண்டாவது வரி 171 ஆண்டுகள் காத்திருந்து வேலை செய்தது. அதைப் பிறகு பார்க்கலாம்.

1749இல் அவர் இறந்ததும் ஹெஸ்டர் காபம் பட்டத்தைப் பெற்றார். அதே ஆண்டில் டெம்பிள் கவுன்டஸ் என்ற சொந்தப் பட்டமும் கிடைத்தது. அவருடைய பிள்ளைகளில் ஜார்ஜ் கிரென்வில் 1763இல் பிரதமர். அமெரிக்கக் குடியேற்றங்களைக் கொதிக்க வைத்த முத்திரைத்தாள் வரிச்சட்டம் அவர் காலத்தது. மகள் ஒருவர் மூத்த வில்லியம் பிட்டைக் கைப்பிடித்தார். இளைய பிட் அந்தத் தாயின் மகன். ஜார்ஜ் கிரென்விலின் மகன்களில் ஒருவர் 1784இல் பக்கிங்காம் மார்குவிஸ் ஆனார். இன்னொரு மகன் வில்லியம் பிரதமராக இருந்தபோதுதான் 1807இல் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது.

மார்குவிஸ் ஐரிஷ் செல்வந்தர் நியூஜன்ட் ஏர்லின் மகள் மேரியை மணந்தார். நியூஜன்ட் சொத்தும் பட்டமும் வந்தன. அவர்களுடைய மகன் ரிச்சர்ட் 1796இல் மணந்தது ஆன் எலைசா பிரிட்ஜஸ் என்ற பெண்ணை. மூன்றாம் சாண்டோஸ் டியூக்கின் ஒரே மகள் அவர். 1789இல் அந்த டியூக் மகன் இல்லாமல் இறந்ததால் சாண்டோஸ் டியூக் பட்டம் அற்றுப்போயிருந்தது. நூறு வருஷம் கழித்து நடக்கப்போவதன் ஒத்திகை மாதிரியே அது இருந்தது.

ஆக, இந்தக் குடும்பத்தின் பட்டம், சொத்து, பெயரில் உள்ள ஐந்து துண்டுகள் எல்லாம் பெரும்பாலும் பெண்கள் கையால் வந்தவை. டெம்பிள் ஹெஸ்டரால் வந்தது, நியூஜன்ட் மேரியால் வந்தது, பிரிட்ஜஸும் சாண்டோஸும் ஆன் எலைசாவால் வந்தன. ஸ்டோவில் இந்தக் குடும்பத்தின் கொடிவழிச் சின்னங்கள் 719 கட்டங்களாகப் பிரித்து வரையப்பட்ட ஒரு படம் இருந்தது. ஒவ்வொரு கட்டமும், சின்னம் தரித்த குடும்பம் ஒன்றின் வாரிசுப் பெண் எப்போதோ வம்சத்துக்குள் மருமகளாக வந்ததற்குச் சாட்சி. பெண் வழியை இவ்வளவு பெருமையாகச் சுவரில் மாட்டிய குடும்பம், டியூக் பட்டத்தில் மட்டும் பெண் வழியை அடைத்துக்கொண்டது.

1822 பிப்ரவரி 4

ஆன் எலைசாவின் கணவர் ரிச்சர்ட், இரண்டாம் பக்கிங்காம் மார்குவிஸ். நாடாளுமன்றத்தில் கிரென்வில் கோஷ்டி என்று ஒரு சிறு கூட்டம் அவர் பின்னால் இருந்தது. லிவர்பூல் பிரபுவின் அரசுக்கு அந்த வாக்குகள் தேவைப்பட்டன. பேரம் படிந்தது. கோஷ்டியைச் சேர்ந்த சார்ல்ஸ் வின், இந்திய விவகாரங்களைக் கவனித்த கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவரானார். மார்குவிஸுக்கு டியூக் பட்டம். அவருக்கு இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது; அது கடைசிவரை நிறைவேறவில்லை.

அன்று கிடைத்தவை மூன்று பட்டங்கள்: பக்கிங்காம்–சாண்டோஸ் டியூக், சாண்டோஸ் மார்குவிஸ், ஸ்டோவின் டெம்பிள் ஏர்ல். முதல் இரண்டுக்கும் வழக்கமான ஆண் வழி. மூன்றாவதற்கு மட்டும் வேறு வழி எழுதினார்கள். முதலில் டியூக்கின் ஆண் சந்ததி. அது இல்லையென்றால் கொள்ளுப்பாட்டி ஹெஸ்டரின் ஆண் சந்ததி. அதுவும் இல்லையென்றால் பேத்தி ஆன் எலைசா மேரிக்கும் அவளுடைய ஆண் சந்ததிக்கும்.

இந்தப் பேத்திக்கு அப்போது வயது இரண்டு. டியூக்கின் ஒரே மகனுக்கு அன்று இருந்த ஒரே குழந்தை அவள்தான். பிற்பாடு மூன்றாம் டியூக் ஆகப்போகும் தம்பி பிறந்தது 1823 செப்டம்பரில், அதாவது பட்டயம் எழுதி ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு.

இந்த வழக்கின் மையம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆண் வழி நின்றுபோகலாம் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாமல் இல்லை. தொட்டிலில் இருந்தது பெண் குழந்தை. அதனால் அவள் பெயரையே பட்டயத்தில் ஏற்றினார்கள். ஆனால் அந்தக் காப்பு ஏர்ல் பட்டத்தோடு நின்றது. டியூக் பட்டத்துக்கு அது இல்லை.

டியூக் பட்டத்துக்குப் பெண் வழி வழக்கமே இல்லை என்று சொல்ல முடியாது. மார்ல்பரோ டியூக்குக்கு மகன் உயிரோடு இல்லாததால், 1706இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றே அவருடைய மகள்களுக்குப் பட்டம் போக வழி செய்தது. 1722இல் மகள் ஹென்ரியட்டா தன் உரிமையில் மார்ல்பரோ டச்சஸ் ஆனார். அந்தப் பட்டம் இன்றும் பிளெனிம் மாளிகையில் உயிரோடு இருக்கிறது. ஸ்டோவுக்குப் புகழ் சேர்த்த தளபதி டெம்பிள் அதே மார்ல்பரோவின் படையில் இருந்தவர். உதாரணம் கண்முன்னேயே இருந்தது. ஆனால் மார்ல்பரோ பிளெனிம் போரை வென்று கொடுத்தவர். பக்கிங்காம் கொடுத்தது சில வாக்குகள். அந்த விலைக்கு அரசர் கொடுக்கக்கூடிய எல்லை அவ்வளவுதான் என்று படுகிறது.

கடனில் மூழ்கிய ஸ்டோ

முதல் டியூக் செலவாளி. நூல், ஓவியம், சிற்பம் என்று வாங்கிக் குவித்தார். கடன் தாங்காமல் 1827இல் கப்பலேறி இரண்டு ஆண்டுகள் மத்தியதரைக் கடல் பக்கம் சுற்றினார். வீட்டில் இருந்தால் இன்னும் செலவாகும் என்பதுதான் காரணம். 1839இல் இறந்தார்.

அவருடைய மகன், இரண்டாம் டியூக், அப்பாவை மிஞ்சினார். அரசியலில் பெரிய நிலக்கிழார்களின் குரல் அவர். 1832 சீர்திருத்தச் சட்டத்தில் 50 பவுண்டு குத்தகைக்காரர்களுக்கு மாவட்ட வாக்குரிமை தரும் திருத்தத்தைக் கொண்டுவந்தவர். கேட்க நல்லதாகத்தான் தெரியும். ஆனால் ரகசிய வாக்கெடுப்பு வந்தது 1872இல்தான். நிலக்காரர் சொன்னபடி வாக்களிக்காத குத்தகைக்காரருக்கு நிலம் போய்விடும். அந்தத் திருத்தம் நிலக்கிழார்களின் கையைத்தான் பலப்படுத்தியது. அதோடு, மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் தரப்புக்கும் அவரே தலைவர். அம்மா வழியில் ஜமைக்காவில் ஹோப் என்ற தோட்டம் இருந்தது. அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகள். சின்னத் தாத்தா வில்லியம் கிரென்வில் அடிமை வணிகத்தை ஒழித்தார். பேரன் அடிமைமுறைக்காக வாதாடினார். இந்தக் குடும்பத்தின் வரலாற்றில் எனக்கு மிகவும் கசப்பான இடம் இது.

செல்வாக்குக்காக அவர் கடன் வாங்கி நிலம் வாங்கினார். நிலத்திலிருந்து வந்த குத்தகை கடனுக்குக் கட்டிய வட்டிக்கே போதவில்லை. ஒவ்வொரு ஏக்கரும் அவரை இன்னும் ஏழையாக்கியது. குடும்பச் சொத்து தலைமுறைக்குத் தலைமுறை கட்டிவைத்த ஏற்பாட்டில் இருந்ததால், மகன் சம்மதிக்காமல் அதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. 1844இல் மகனுக்கு 21 வயது நிறைந்தது. அந்த வயது வந்த கையோடு, கட்டை அவிழ்க்கும் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கினார் தந்தை. அதற்கடுத்த ஜனவரியில் விக்டோரியா மகாராணியும் ஆல்பர்ட் இளவரசரும் ஸ்டோவுக்கு விருந்தாளிகளாக வந்தார்கள். வரவேற்புக்காக மாளிகை புதிதாக அலங்கரிக்கப்பட்டது. எல்லாம் கடன்.

1847இல் கடன் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியிருந்தது. அமீனாக்கள் ஸ்டோவுக்குள் நுழைந்தார்கள். டியூக் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். 1848 ஆகஸ்டில் கிறிஸ்டி நிறுவனம் மாளிகையின் பொருள்களை ஏலம் விடத் தொடங்கியது. நாற்பது நாள் நடந்த ஏலம் அது. ஓவியம், பளிங்குச் சிலை, வெள்ளிப் பாத்திரம், நிலவறையில் இருந்த மது என்று ஒவ்வொன்றாகப் போனது. மொத்தம் கிடைத்தது 75,000 பவுண்டுக்குச் சற்று மேல். கடனோடு ஒப்பிட்டால் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

அந்த ஏலத்தில் போன ஒரு படத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஷேக்ஸ்பியரின் முகம் என்று உலகம் முழுக்கப் பழகிய ஓவியம், காதில் சின்ன வளையத்தோடு, கழுத்துப்பட்டியின் நாடா அவிழ்ந்து தொங்க நம்மைப் பார்க்கும் அந்த ஆள், சாண்டோஸ் குடும்பத்தின் வழியாக ஸ்டோவுக்கு வந்திருந்தார். எல்ஸ்மியர் பிரபு 355 கினிக்கு அதை ஏலத்தில் எடுத்தார். 1856இல் லண்டனில் தேசிய உருவப்பட அரங்கம் தொடங்கியபோது அதை அன்பளிப்பாகக் கொடுத்தார். அந்த அரங்கத்தின் பதிவேட்டில் அதற்கு எண் 1. இன்றும் அதைச் சாண்டோஸ் படம் என்றுதான் அழைக்கிறார்கள். பட்டம் போனாலும் பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

1850இல் மனைவி மணவிலக்குப் பெற்றார். 1861இல் இரண்டாம் டியூக் இறந்தது பாடிங்டன் ரயில் நிலைய ஹோட்டலில்.

ரயில்வே டியூக்

மகன் வேறு மாதிரி. அப்பாவின் கடனைத் தலையில் போட்டுக்கொண்டு, ஸ்டோவைப் பூட்டிவிட்டு, உழைக்கப் போனார். 1853 முதல் 1861 வரை லண்டன்–வடமேற்கு ரயில்வேயின் தலைவர். அப்போது பிரிட்டனின் மிகப்பெரிய நிறுவனங்களில் ஒன்று அது. ஒரு டியூக்கின் வாரிசு கணக்குப் புத்தகத்தோடு உட்காருவது அந்தக் காலத்தில் அபூர்வம். பிறகு அமைச்சரவையில் இடம் கிடைத்தது. 1867 மார்ச்சில் குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சரானார். கனடா என்ற நாட்டை உருவாக்கிய சட்டம் அந்த மாதக் கடைசியில்தான் அரசியின் ஒப்புதலைப் பெற்றது.

1871இல் தன் வாட்டன் எஸ்டேட் விளைச்சலை ஏற்றிப்போகச் சொந்தச் செலவில் ஒரு குட்டி ரயில் பாதை போட்டார். முதலில் குதிரைகள் இழுத்தன. அந்தப் பாதை பிரில் கிராமம் வரை நீண்டு, பிற்காலத்தில் லண்டன் நகர ரயில் அமைப்போடு சேர்ந்து, 1935 வரை ஓடியது.

1868இல் அவர் இன்னொரு வேலையும் செய்தார். கின்லாஸ் பிரபு என்ற பழைய ஸ்காட்லாந்துப் பட்டம் பாட்டி ஆன் எலைசாவின் வழியில் தனக்கு உரியது என்று பிரபுக்கள் சபையில் வழக்காடி வென்றார். அப்போது அவருக்குப் பெண் குழந்தைகள் மட்டும்தான். பெண்ணுக்குப் போகக்கூடிய பட்டம் ஒன்றை அவர் தேடிப்பிடித்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

தாது வருஷம்

1874இல் மனைவி இறந்தார். அடுத்த ஆண்டு நவம்பரில் மகள்களோடு மதராஸ் வந்து கவர்னர் பதவியை ஏற்றார். 1876இல் மழை பொய்த்தது. நம் ஊரில் தாது வருஷப் பஞ்சம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் பெரும்பஞ்சம் தொடங்கியது.

டியூக்கின் அரசு முதலில் 30,000 டன் தானியத்தை வாங்கியது. வணிகத்தில் அரசு தலையிடக் கூடாது என்ற கொள்கைப் பிடிப்பில் இருந்த வைசிராய் லிட்டனின் அரசு அதைக் கண்டித்தது. 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவை இந்தியப் பேரரசி என்று அறிவிக்கும் டெல்லி தர்பார் நடந்தது. மாகாணம் பட்டினியில் கிடக்க, அதன் கவர்னர் அங்கே போய் நிற்க வேண்டியிருந்தது. அந்த மாதமே லிட்டன் தன் ஆளாக சர் ரிச்சர்ட் டெம்பிளைத் தெற்கே அனுப்பினார். பழைய ஸ்டோ தளபதியின் அதே பெயர், ஆனால் இவர் வங்காளத்தில் இருந்த அதிகாரி. நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், கூடவே சில்லறைக் காசு என்று கூலியைக் குறைத்தார். மதராஸ் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார்: இதை வைத்துக்கொண்டு மண் சுமக்கும் ஆள் உயிர் வாழ முடியாது. சில மாதங்களில் மதராஸ் அரசு அந்த அளவைக் கைவிட்டது. ஆகஸ்டில் மதராஸிலிருந்து லண்டனுக்கு உதவி கேட்டுக் கோரிக்கை போனது. பிரிட்டனிலும் பிற குடியேற்றங்களிலும் திரண்ட நன்கொடை ஏறத்தாழ 7 லட்சம் பவுண்டு.

இவ்வளவும் போதவில்லை. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில் மட்டும் 55 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு. அதில் பெரும்பங்கு மதராஸ் மாகாணத்தில். லிட்டனோடு ஒப்பிட்டால் டியூக் மனிதத்தன்மை உள்ளவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மேலிருந்து தடை வந்தபோது அவர் எதிர்த்து எழுதினார், கீழ்ப்படிந்தார், பதவியில் தொடர்ந்தார். அந்தச் சாவுகளின் கணக்கில் அவர் பங்கு இல்லை என்று சொல்ல முடியாது.

பஞ்ச நிவாரண வேலையாகத்தான் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 8 கிலோமீட்டர் கால்வாய் 1877–78இல் வெட்டப்பட்டது. வடக்கே எண்ணூர் வரை போகும் கால்வாய் 1806இலேயே கோக்ரேன் பெயரில் இருந்தது. இந்த இணைப்பு வந்ததும் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை நானூறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் ஒரே நீர்வழியாக அது ஆனது. 1878இல் கவர்னரின் பெயரைச் சூட்டினார்கள். வெட்டியவர்கள் ஒரு வேளைச் சோற்றுக்காக மண் சுமந்தவர்கள். அவர்கள் யாருடைய பெயரும் எங்கும் இல்லை.

நான்காகப் பிரிந்த நாள்

1880 டிசம்பரில் ஊர் திரும்பினார். மகன் வேண்டும் என்ற நினைப்பு இருந்ததோ என்னவோ, 1885இல் மறுமணம் செய்துகொண்டார். குழந்தை பிறக்கவில்லை. 1889 மார்ச்சில் மரணம்.

இப்போது பட்டயங்கள் ஒவ்வொன்றாக வேலை செய்தன. 1822 டியூக் பட்டம், சாண்டோஸ் மார்குவிஸ், 1784 பக்கிங்காம் மார்குவிஸ், நியூஜன்ட் ஏர்ல், 1749இல் ஹெஸ்டருக்குக் கிடைத்த டெம்பிள் ஏர்ல், எல்லாம் ஆண் வழி; எல்லாம் முடிந்தன. 1718 காபம் பட்டம் மட்டும் தளபதி டெம்பிள் எழுதிவைத்த இரண்டாவது வரியைத் தேடிப்போனது. ஹெஸ்டரின் ஆண் கொடி அறுந்தது. கிறிஸ்டியனின் கொடி இருந்தது. லிட்டில்டன் பிரபு எட்டாம் காபம் வைகவுன்ட் ஆனார். அந்தக் குடும்பம் இன்றும் அந்தப் பட்டத்தோடு வாழ்கிறது.

1822இல் இரண்டு வயதுக் குழந்தையின் பெயரில் எழுதிய ஏர்ல் பட்டம் அடுத்தது. அந்தக் குழந்தை வளர்ந்து, கோர்-லாங்டன் என்பவரை மணந்து, 1879இல் இறந்திருந்தார். அவருடைய மகன் வில்லியம் நான்காம் டெம்பிள் ஏர்ல் ஆனார். தாத்தாவின் தந்தை போட்டுவைத்த காப்பு 67 ஆண்டு கழித்துப் பலித்தது. அதே வரியை டியூக் பட்டத்துக்கும் எழுதியிருந்தால் அன்று அவர் நான்காம் பக்கிங்காம்–சாண்டோஸ் டியூக் ஆகியிருப்பார்.

மூத்த மகள் மேரிக்கு வந்தது கின்லாஸ் பட்டமும் ஸ்டோ எஸ்டேட்டும். பட்டம் இருந்ததே தவிர, பிரபுக்கள் சபையில் உட்கார அவருக்கு உரிமை இல்லை. பெண் பிரபுக்கள் தங்கள் பரம்பரை உரிமையில் அங்கே நுழைய 1963 சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேரி இறந்தது 1944இல்.

அதே 1889 ஜூலையில் வேல்ஸ் இளவரசரின் மருமகனுக்கு ஃபைஃப் டியூக் பட்டம் புதிதாகக் கொடுத்தார்கள். அவருக்குப் பெண் குழந்தைகள் மட்டும் பிறந்ததும், 1900இல் மகள்களுக்குப் போகும்படி இரண்டாவது பட்டயமே எழுதிக் கொடுத்தார்கள்; 1912இல் மூத்த மகள் டச்சஸ் ஆனார். அரச குடும்பத்துக்கு வேண்டியபோது வழி திறந்தது. பக்கிங்காமின் மகள்களுக்காக யாரும் திறக்கவில்லை. அவர்களும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஸ்டோவைப் பராமரிக்கக் குடும்பத்தால் முடியவில்லை. பிரெஞ்சு அரியணைக்கு உரிமை கோரிய பாரிஸ் கோமகன் சில ஆண்டுகள் வாடகைக்கு இருந்து 1894இல் அங்கேயே இறந்தார். மேரியின் மூத்த மகன், தாத்தா இறந்தபோது குழந்தையாக இருந்தவர், முதல் உலகப்போரின் முதல் ஆண்டிலேயே போர்க்களத்தில் உயிரிழந்தார். இளைய மகன் 1921இல் மாளிகையை விற்றார். 1923 மே மாதம் அங்கே ஸ்டோ பள்ளி திறந்தது. தோட்டங்கள் இப்போது தேசிய அறக்கட்டளையின் கையில்.

டியூக் பட்டத்தை இன்று யாராவது உரிமை கோர முடியுமா என்றால், முடியாது. வாரிசு யாரென்று நிரூபணமாகாமல் உறங்கும் பட்டத்துக்கு எங்கோ ஒரு வாரிசு வெளிப்படலாம். இங்கே 1822இல் பட்டம் பெற்றவரின் ஆண் சந்ததி முழுவதும் பதிவில் இருக்கிறது: ஒரு மகன், ஒரு பேரன், அதோடு சரி. வேண்டுமானால் அரசர் அதே பெயரில் புதுப் பட்டம் ஒன்றை உருவாக்கலாம். அப்படி வந்தால் அது பக்கிங்காம் என்ற பெயரின் ஐந்தாவது தொடக்கமாக இருக்கும்.